ஜீப்பின் கதையை நாமே எழுதுவோம்: திருவண்ணாமலைப் பக்கத்து ஜீப்புக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருவண்ணாமலை, போளூர், செங்கம், ஆரணி, ஜமுனாமரத்தூர் பக்கத்து ஜீப்புக்காரர்கள் அனைவருக்கும் இதை எழுதுகிறேன். சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்கள், வாடகைக்கு ஓட்டியவர்கள், அரசு ஜீப்பில் ஸ்டியரிங் பிடித்தே ஓய்வு பெற்றவர்கள், பட்டறை மேஸ்திரிகள், அப்பாவின் வண்டியை விற்க மனம் வராமல் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கும் பிள்ளைகள் என்று எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொஞ்ச காலமாக நீங்கள் ஒரு புத்தகத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பென் ஃபோகல் என்ற ஆங்கிலேயத் தொலைக்காட்சிப் பிரபலம் 2016இல் எழுதிய லேண்ட் ரோவர் புத்தகம் அது. உலகை வென்ற காரின் கதை என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 29ஆம் தேதிதான் சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து பழைய டிஃபெண்டரின் கடைசி வண்டி வெளியே வந்தது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் தொடங்கி 20 லட்சம் வண்டிகளுக்கு மேல் போன ஒரு வரிசை அன்றோடு முடிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் வந்த புத்தகம் என்பதால் ஆசைப்பட்டு வாங்கினீர்கள். ஒருவர் வாங்க, நாலு பேர் கை மாற்றிப் படித்தீர்கள். படித்து முடித்தவர்கள் முகம் சுளித்தீர்கள்.

உங்கள் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டவன் நான். வண்டியைவிட எழுதியவர்தான் அதிகம் தெரிகிறார் என்றீர்கள். பத்து இடத்தில் படித்த கதைகளையே திரும்பப் படிக்க வேண்டியிருந்தது என்றீர்கள். கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்த கை எழுதியதாக இல்லை என்று ஒரு மேஸ்திரி சொன்னதை எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டீர்கள். நானும் ஆட்டினேன். எந்த வண்டியையும் முப்பது நாற்பது வருஷம் மேய்த்தவர்களுக்கு மேலோட்டமான பாசம் போதாது. எந்த வருஷ வண்டியில் எந்த ஆக்சில் வந்தது, அது ஏன் உடைந்தது, உடைந்ததற்கு யார் என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டும்.

ஆனால் ஃபோகலுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் தம்மைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. லேண்ட் ரோவரை நேசிக்கும் சாதாரண வாசகனுக்கு எழுதினார், அந்த வாசகனும் வாங்கினான். நட்சத்திரம் எழுதினால் பதிப்பகத்துக்கு விற்பனை, வாசகனுக்குத் தெரிந்த முகம். இந்தக் கணக்கு உலகம் முழுக்க ஒன்றுதான். இதில் நம் கோபத்தால் ஆகப்போவது எதுவுமில்லை.

நான் கேட்பது வேறு. இங்கிலாந்தில் அந்தப் புத்தகத்தைப் படித்து ஏமாந்த ஒருவன் அடுத்து என்ன செய்வான்? அலமாரியிலிருந்து ஜேம்ஸ் டெய்லர் எழுதிய ஒன்றை எடுப்பான். அந்த மனிதர் பல பத்தாண்டுகளாக லேண்ட் ரோவர் வரலாற்றையே தொழிலாக வைத்து, மாடல் மாடலாகப் புத்தகம் போட்டவர். அதுவும் போதாதென்றால், முதல் முதல் செய்த மாதிரி வண்டிகளைத் தேடிப்பிடித்துப் பாதுகாக்கும் டன்ஸ்ஃபோல்ட் சேகரிப்பைப் போய்ப் பார்ப்பான். சீரிஸ் ஒன் வண்டிக்காரர்களுக்கென்று தனிச் சங்கம் இருக்கிறது, அங்கே கேட்பான். நட்சத்திரத்தின் புத்தகம் அங்கே பத்தில் ஒன்று. பிடிக்கவில்லையென்றால் மீதி ஒன்பது இருக்கின்றன.

நம் ஜவ்வாது மலையில் ஏறி இறங்கிய ஜீப்பைப் பற்றி அப்படி எடுத்துப் பார்க்க எந்தப் புத்தகம் இருக்கிறது? சொல்லுங்கள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. திட்டுவதற்குக்கூட நம்மிடம் ஒன்று கிடையாது. அந்த ஆங்கிலப் புத்தகத்தில் உங்களுக்குக் கிடைக்காமல் போனது உங்கள் சொந்த வாழ்க்கை. அதை அவர் எழுதியிருக்க முடியாது. எழுதியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

எழுதி வைக்காவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். உங்கள் வண்டியின் மூதாதையே அதற்குச் சாட்சி. 1940இல் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய நாலு சக்கர இழுவை வண்டி வேண்டுமென்று கேட்டபோது, சொன்ன தேதிக்குள் முதல் வண்டியைச் செய்து கொண்டுபோய் நிறுத்தியது பென்சில்வேனியாவின் பேண்டம் என்ற சின்ன நிறுவனம். கார்ல் ப்ராப்ஸ்ட் என்பவர் வரைபடம் போட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி வண்டி ராணுவத்தின் கைக்குப் போனது. ராணுவமோ அந்த வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிவிட்டு, பெரிய ஆர்டர்களை அவர்களுக்கே கொடுத்தது. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் ஜீப்புகள் செய்யப்பட்டன. பேண்டம் செய்தவை சில ஆயிரம் மட்டுமே, கடைசியில் டிரெய்லர் செய்து பிழைத்தது. ஜீப்பைப் படைத்தது தாங்கள்தான் என்று வில்லிஸ் பத்திரிகைகளில் விளம்பரம் மேல் விளம்பரம் போட்டது. அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க வணிக ஆணையம் தடை போட 1948 ஆகிவிட்டது. அதற்குள் உலகத்தின் மனதில் ஜீப் என்றால் வில்லிஸ். இன்று நம் ஊரில் யாரிடமாவது பேண்டம் என்று சொல்லிப் பாருங்கள்.

லேண்ட் ரோவரும் அந்த ஜீப்பிலிருந்தே பிறந்தது. ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் ஆங்கில்சித் தீவிலிருந்த தம் நிலத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது போரில் மிஞ்சிய ஒரு வில்லிஸ் ஜீப். 1947இல் செய்த முதல் மாதிரி வண்டிக்கு ஜீப்பின் சேஸியைத்தான் அடியில் போட்டார்கள். போருக்குப் பிறகு எஃகுக்குத் தட்டுப்பாடு, அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். இதெல்லாம் நமக்குத் தெரிகிறதென்றால், அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்தார் என்பதால்தான்.

நம் நாட்டு ஜீப்பின் கதையில் கம்பெனியின் பக்கம் ஓரளவு பதிவாகியிருக்கிறது. 1945இல் லூதியானாவில் மஹிந்திரா அண்ட் முகம்மது என்ற பெயரில் எஃகு வியாபாரமாகத் தொடங்கியது, பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிவிட, 1948இல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது, பம்பாயில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டத் தொடங்கியது. பிறகு நீங்கள் ஹை பானட் என்று செல்லமாகச் சொல்லும் சி.ஜே. 3பி வந்தது. டிராக்டர் குலத்தைச் சேர்ந்த இன்டர்நேஷனல் டீசல் இன்ஜின் வந்தது. எண்பதுகளில் பூஷோ டீசல் இன்ஜினோடு எம்.எம். 540 வந்தது. கமாண்டர் வந்தது. 2010இல் தார், 2020 அக்டோபர் 2ஆம் தேதி புதிய தார். ராணுவத்துக்கென்று ஜபல்பூரில் நிஸான் வண்டியைத் தழுவிச் செய்த ஜோங்கா தனிக் கிளை. 1965 போரில் கேம்கரன் பக்கம் ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பின் மேல் ஏற்றிய பீரங்கியை வைத்து பாட்டன் டாங்குகளை உடைத்து உயிரைக் கொடுத்தார். பரம்வீர் சக்கரம் பெற்ற அவர் கதை பாடப் புத்தகம்வரை போயிருக்கிறது.

இதில் எங்கே இருக்கிறது நம் சீமை? போர்முனைக்குப் போன ஜீப்புக்கு வரலாறு இருக்கிறது, தொழிற்சாலையிலிருந்து வந்த ஜீப்புக்கு வரலாறு இருக்கிறது. ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குப் போன ஜீப்புக்கு இல்லை.

நீங்கள் சாயங்காலம் டீக்கடையில் பேசிக் கலைந்துபோகும் விஷயங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மலையில் தார்ச்சாலை வராத காலத்தில், செம்மண் தடத்தில் மழைக்குப் பிறகு எந்தத் திருப்பத்தில் ஃபோர் வீல் போட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஓட்டுநர்கள் நம்மிடையே இருந்தார்கள். சாமையும் புளியும் பலாவும் தேனும் இறங்கியது அந்த வண்டிகளில். உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் ஏறியது அந்த வண்டிகளில். பிரசவ வலி கண்ட மலையாளிப் பழங்குடிப் பெண்களைப் போளூருக்கு இறக்கிக் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர்? வழியிலேயே குழந்தை பிறந்த கதை எத்தனை? தேர்தல் சமயத்தில் வாக்குப்பெட்டியோடு வாத்தியார்களை ஏற்றிப் போனவர்கள் யார்? பஞ்சாயத்து யூனியன் ஜீப், மலேரியா ஒழிப்பு ஜீப், குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார ஜீப், ஒலிபெருக்கி கட்டிய கட்சி ஜீப் என்று அரசும் அரசியலும் கிராமத்துக்குள் வந்ததே இந்த வண்டியில்தானே? காவலூரில் 1968இல் வானோக்கு நிலையம் தொடங்கியபோது அந்தக் காட்டுக்குள் விஞ்ஞானிகளும் கருவிகளும் எந்தத் தடத்தில், எந்த வண்டியில் ஏறினார்கள் என்று கேட்டால் இன்று யார் பதில் சொல்வார்கள்? விஞ்ஞானிகளின் பக்கம் பதிவாகியிருக்கும். வண்டி ஓட்டியவரின் பக்கம்?

பட்டறைக்கு வாருங்கள். பெட்ரோல் விலை ஏற ஏற, பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றியது ஒரு பெரிய கைவேலை. மவுண்டிங் எங்கே வெட்டி எங்கே வெல்டு வைப்பது, கியர் பெட்டியோடு இணைக்கத் தகடு எப்படிக் கடைவது, ரேடியேட்டரை எவ்வளவு நகர்த்துவது என்பதையெல்லாம் எந்தக் கல்லூரியும் கற்றுக்கொடுக்கவில்லை. லேத் பட்டறையும் டிங்கரிங் பட்டறையும் மேஸ்திரியும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். சாமான் கிடைக்காதபோது சென்னைப் புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறிப் போய்க் குவியலில் கை விட்டுத் தேடி எடுத்து வந்தார்கள். டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங் என்ற ஊரில், தேயிலைத் தோட்டத் துரைகள் விட்டுப்போன சீரிஸ் ஒன் லேண்ட் ரோவர்கள் சந்தக்பூ உச்சிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியதைப் படங்களில் பார்த்து வியக்கிறோமே, அவற்றிலும் பலவற்றுக்கு நெஞ்சு மாற்றி மஹிந்திரா டீசல் இன்ஜின் வைத்திருக்கிறார்கள். அங்கே அந்த வண்டிக்காரர்களைத் தேடி உலகத்துப் பத்திரிகைகள் போயின. அதே வேலையை நம் மேஸ்திரிகள் போளூரிலும் செங்கத்திலும் செய்தபோது கூட்டம் கூடிப் பார்த்தது. யாரும் குறிப்பெடுக்கவில்லை.

இந்த ஊருக்கு நட்சத்திர எழுத்தாளர்கள் புதிதில்லை என்பதையும் நினைவுபடுத்துகிறேன். 1938இல் சாமர்செட் மாம் ரமணாசிரமத்துக்கு வந்தார். அந்தக் காலத்தில் அவர் புகழ் இன்றைய தொலைக்காட்சிப் புகழுக்குச் சற்றும் குறைந்ததல்ல. சில மணி நேரம் இருந்தார், இடையில் மயங்கி விழுந்தார், போனார். 1944இல் வந்த அவருடைய ரேசர்ஸ் எட்ஜ் நாவலில் ஒரு இந்திய ஞானி வருகிறார். ரமண பகவானைப் பார்த்த அனுபவம் அதில் இருப்பதாக எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நாவலில் அந்த ஞானிக்கு வேறு பெயர், ஆசிரமம் இருப்பது திருவிதாங்கூரில். அருணாசலம் கதையிலிருந்தே காணாமல் போய்விட்டது. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது, சினிமாவும் ஆனது.

அதனால் ரமணரைப் பற்றி நமக்குத் தெரியாமல் போனதா? போகவில்லை. ஏன் தெரியுமா? மாம் வருவதற்கு முன்பே முனகால வேங்கடராமையா ஆசிரமக் கூடத்தில் உட்கார்ந்து, 1935 முதல் 1939 வரை நடந்த பேச்சுகளைக் குறித்து வைத்தார். 1945 முதல் தேவராஜ முதலியார் அன்றாடம் நாட்குறிப்பு எழுதினார். அதே 1945இல் சூரி நாகம்மா தம் அண்ணனுக்குத் தெலுங்கில் கடிதம் எழுதத் தொடங்கினார். இளம் வயதிலேயே விதவையானவர், பள்ளிக்கூடம் போய்ப் படித்தவரல்ல, தானாகவே எழுத்துக் கற்றவர். யார் வந்தார்கள், பகவான் என்ன சொன்னார், சமையலறையில் என்ன நடந்தது, பசு லட்சுமி எப்படி வந்து நின்றது என்று கண்டதைக் கண்டபடி எழுதினார். இன்று ரமணரின் அன்றாடம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் யாரும் மாமைத் திறப்பதில்லை. நாகம்மாவின் கடிதங்களைத் திறக்கிறார்கள்.

நட்சத்திரம் வந்து போனதால் இந்த ஊருக்கு நஷ்டம் வரவில்லை. வந்தபோது இங்கே ஏற்கெனவே எழுதுகிறவர்கள் இருந்தார்கள், அதுதான் காப்பாற்றியது. ஜீப் விஷயத்தில் அந்தக் காவல் நம்மிடம் இல்லை. நட்சத்திரமோ வரத்தான் போகிறது. வெறும் ஊகமாக இதைச் சொல்லவில்லை. சுற்றிலும் பாருங்கள். நம் மாவட்டத்துச் செய்யாறு பக்கமே மஹிந்திரா தன் வண்டிகளை ஓட்டிச் சோதிக்கப் பெரிய தடம் அமைத்திருக்கிறது. வண்டிகளை வடிவமைக்கும் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில். அந்தப் பக்கம் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில், 9,000 கோடி ரூபாயில் டாடா மோட்டார்ஸ் திட்டமிட்ட ஆலைக்கு 2024 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ஜாகுவார் லேண்ட் ரோவரை 2008இல் ஃபோர்டிடமிருந்து வாங்கியது டாடாதான், அந்த வண்டிகளும் அங்கே தயாராகும் என்று அப்போது அறிவித்தார்கள். ஜீப்பின் வம்சமும் லேண்ட் ரோவரின் வம்சமும் நம் வீட்டு வாசலுக்கே வந்தாயிற்று. இனி யாராவது ஒரு நடிகர் அல்லது கிரிக்கெட் வீரர் பேரில், வழவழ தாளில், வண்ணப் படங்களோடு தமிழ்நாட்டின் கரடுமுரடுப் பாதைகளைப் பற்றிய புத்தகம் வர எவ்வளவு நாளாகும்? 2019இல் தோனி ஒரு ஜோங்காவை ஓட்டிக்கொண்டு ராஞ்சித் தெருவில் போனதற்கே நாடு முழுக்க அந்தப் பெயரை உச்சரித்தது. அப்படி ஒரு புத்தகம் வரும்போது எழுதுபவர் நம்மிடம் வந்து கேட்டால், கையில் கொடுக்க என்ன வைத்திருக்கிறோம்? ஒன்றும் இல்லாவிட்டால் அவர் தம் பயணத்தைத்தான் எழுதுவார். அப்போதும் நீங்கள் டீக்கடையில் உட்கார்ந்து திட்டுவீர்கள்.

உங்களில் சிலர் வேறு யோசனை சொன்னீர்கள். நாமே ஒரு சினிமா நட்சத்திரத்தைப் பிடித்து, அவர் பெயரில் புத்தகம் போட்டால் விற்குமே என்றீர்கள். தயவுசெய்து அந்த ஆசையை விடுங்கள். அவர் பெயர் அட்டையில் ஏறிய நிமிஷமே ஓட்டுநரின் பெயர் உள்ளே எங்கோ ஒரு படத்துக்கு அடியில் போய்விடும். எந்தக் காரணத்துக்காக அந்த ஆங்கிலப் புத்தகத்தின் மேல் வருத்தப்பட்டீர்களோ அதையே நாம் காசு கொடுத்துச் செய்தவர்களாவோம்.

காலமும் நம் பக்கம் இல்லை. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டுவிட்டது. யூனியன் ஆபீஸ் மூலையில் புல் முளைத்துக் கிடக்கும் ஜீப்புகள் கண்டம் செய்யப்பட்டு, எடை போட்டுக் காயலான் கடைக்குப் போகும். வண்டி போனால் போகட்டும், அதோடு போகும் லாக் புத்தகத்தை யார் கேட்டு வாங்கினீர்கள்? எந்தத் தேதியில் எந்தக் கிராமத்துக்கு, யாரை ஏற்றிக்கொண்டு, எத்தனை கிலோமீட்டர் போனது என்று ஓட்டுநர் கையெழுத்தில் இருக்கும் அந்த நோட்டுதான் இந்த மாவட்டத்தின் உண்மையான வரலாறு. 1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து நம் மாவட்டம் உருவாவதற்கு முந்தைய நோட்டுகள் இருந்தால் அவை இன்னும் அரியவை.

சொந்த வண்டிக்காரர்களுக்கும் ஒரு சேதி. 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த, வாடகைக்கு ஓடாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் சேஸி, உடம்பு, இன்ஜின் ஆகியவை மூல வடிவத்தில் இருக்க வேண்டும். டீசல் இன்ஜின் ஏற்றிய நம் வண்டிகள் பலவும் அந்த வாசலில் நுழைய முடியாது. சட்டம் அவற்றை மாற்றப்பட்ட வண்டி என்கிறது. அந்த மாற்றம்தான் நம் கைத்திறமை என்பதைச் சட்டத்திடம் சொல்ல முடியாது. புத்தகத்தில் சொல்லலாம். எந்த ஆண்டு, எந்தப் பட்டறையில், என்ன காரணத்தால் மாற்றினோம் என்று நேர்மையாக எழுதுங்கள். கண்காட்சி வண்டியைப் போல எல்லாம் அசல் என்று காட்ட வேண்டிய அவசியம் நமக்கில்லை.

எழுத வராது என்பீர்கள். நாகம்மாவுக்கும் பள்ளிப்படிப்பு கிடையாது. பேசுங்கள், பேத்தியின் செல்போனில் பதிவாகட்டும், அவள் எழுதுவாள். யார் படிப்பார்கள் என்பீர்கள். முன்பின் தெரியாத ஒரு ஆங்கிலேயரின் வண்டிக் கதையைக் கடல் தாண்டி வரவழைத்துப் படித்தவர்கள் நீங்கள், இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாமா? பேப்பர் சரியில்லாத வண்டி, வெளியே தெரிந்தால் வம்பு என்று சிலர் தயங்குகிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. வண்டி எண்ணும் உரிமையாளர் பெயரும் அச்சில் வர வேண்டாம், வண்டியின் கதை மட்டும் வரட்டும். தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்று மேஸ்திரிகள் யோசிக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பட்டறைப் பையன்களோ ஸ்கேனரைச் செருகிப் பழுது பார்க்கும் காலத்துக்குப் போய்விட்டார்கள். காதால் கேட்டே டேப்பெட் சத்தத்தைப் பிரித்துச் சொல்லும் வித்தையை இனி யாரிடமிருந்து ஒளிக்கப் போகிறீர்கள்?

ஆகவே என் வேண்டுகோளை நேராகவே வைக்கிறேன்.

வண்டி வைத்திருப்பவர்கள், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அதில் உங்கள் வண்டியின் ஜாதகத்தை எழுதுங்கள். எந்த ஆண்டு வண்டி, முதலில் யார் வாங்கினார், எத்தனை கை மாறியது, ராணுவ ஏலத்தில் வந்ததா, அரசு கண்டம் செய்த வண்டியா, இன்ஜின் எப்போது மாறியது, எந்தத் தடத்தில் ஓடியது, எங்கே கவிழ்ந்தது. ஆர்.சி. புக்கின் பழைய பக்கங்களையும், கல்யாணத்திலோ திருவிழாவிலோ வண்டியோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களையும் நகல் எடுத்து ஒட்டுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்னால் எழுதுங்கள். தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற ஓட்டுநர் அண்ணன்மார்களே, உங்களிடம் கேட்பது தடங்களை. தார்ச்சாலைக்கு முந்தைய மலைப்பாதை எது எது, எங்கே ஓடையைத் தாண்டினீர்கள், எந்த மாதத்தில் எந்த ஊர் துண்டிக்கப்படும், ராத்திரியில் யார் வீட்டில் தங்கினீர்கள். மலையூர்ப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஜீப்பில் ஏறி வந்தவர்கள் சொல்லாமல் ஓட்டியவர் மட்டும் சொன்னால் கதை பாதிதான். வண்டிக்கு என்ன கூலி வாங்கினார்கள், யாரை ஏற்ற மறுத்தார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

மேஸ்திரிகளே, நீங்கள் எழுத வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கியர் பெட்டியை மேசைமேல் வைத்துப் பிரியுங்கள். பிரித்துக்கொண்டே பேசுங்கள். இளைஞர்கள் படம் பிடிக்கட்டும், எழுதட்டும். உங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியின் பெயரை முதலில் சொல்லுங்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயரும் தெரிந்தால் அதையும் சேருங்கள்.

அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கும் நண்பர்களே, ஏலத்துக்கு வண்டி போகும் முன் பழைய லாக் புத்தகங்களை முறைப்படி கேட்டு வாங்க முடியுமா, அல்லது நகல் எடுக்க அனுமதி கிடைக்குமா என்று மனு எழுதுங்கள். கையெழுத்துப் போட நாங்கள் வருகிறோம்.

அடுத்த கார்த்திகை தீபத்துக்கு முன்பாக, ஆளுக்கொரு நோட்டோடு திருவண்ணாமலையில் ஒரு நாள் கூடுவோம். தீபத்தன்று வேண்டாம், ஊருக்குள் எந்த வண்டியும் வர முடியாது. இரண்டு நகல் எடுப்போம். ஒன்றை மாவட்ட மைய நூலகத்தில் வைக்கக் கேட்போம், இன்னொன்றை நாம் வைத்துக்கொள்வோம். அதிலிருந்து புத்தகம் பிறந்தால் நல்லது. ஆசிரியர் என்ற இடத்தில் நோட்டுக் கொடுத்த அத்தனை பேரின் பெயரும் வர வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. புத்தகம் வராவிட்டாலும் நஷ்டமில்லை. நாளைக்கு எந்த நட்சத்திரம் எழுத வந்தாலும், முதலில் இதைப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல நம்மிடம் ஒன்று இருக்கும். அதைப் படித்தும் அவர் தப்பாக எழுதினால், அன்றைக்கு நாம் எல்லோரும் சேர்ந்து உரிமையோடு திட்டலாம்.

நோட்டு வாங்கிவிட்டீர்களா என்று அடுத்த முறை பார்க்கும்போது கேட்பேன். வேறு எதைப் பற்றியும் அதற்கு முன் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
திருவண்ணாமலை.